படத்தின் கீழே ஒரு வரி

காளியப்பனின் இரண்டு பற்கள் என் மேசைமேல், திகதி முத்திரைக்கும் மைத்தட்டுக்கும் நடுவே கிடந்தன. அவற்றை உடைத்தவன் கைத்துப்பாக்கியின் பிடியைத் தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு நாலாக மடித்திருந்த ஒரு தாளை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். அதில் இருந்தது நான் எடுத்து, நானே இணையத்தில் போட்ட படம். அதன் கீழே நான் எழுதிய வரியும் இருந்தது.

"ஒவ்வொரு நாளும் காலமை ஒன்பது மணிக்கு வருவார் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறீங்கள்?" என்று கேட்டான். நல்ல தமிழ். "இன்னும் இருபது நிமிஷம் கிடக்கு. இருப்பம்."

முக்காலி ஒன்றை இழுத்து என் கதிரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இது 2007 ஆவணி மாதம், வெள்ளவத்தையில், பட்டப்பகலில் நடந்தது. அந்த இருபது நிமிடம் எப்படி முடிந்தது என்பதற்கு முன்னால், அந்த வரியை நான் எப்படி எழுதினேன் என்று சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் நான் ஏதோ பாவப்பட்டவள்போலத் தெரிவேன்.

என் பெயர் அருந்ததி. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த றவூபின் கொமியூனிகேஷன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது திருமகள் வாசிகசாலை. இருபத்திரண்டு வருடமாக நான்தான் அங்கே நூலகர். எனக்கு மூக்கின்மேல் கோபம். புத்தகத்தின் மூலையை மடித்தவர்களை நாலு பேர் முன்னால் வைத்துத்தான் ஏசுவேன். சொன்ன நேரத்துக்குப் பிந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'மிஸ் இருக்காங்கன்னு தெரிஞ்சா படியிலயே இருமி முடிச்சிட்டுத்தாங்க மேல வருவாங்க' என்று காளியப்பன் பகிடி பண்ணுவார். அவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், எங்கள் பியோன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னிடம் ஏச்சு வாங்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை, ஒரு நாளும் கோபித்ததும் இல்லை.

அந்த வருடம் தை மாதம் கொழும்பு ஏழில் ஒரு மண்டபத்தில் நூலகர்களுக்குச் செயலமர்வு வைத்தார்கள். நூலகத்தின் படங்களை இணையத்தில் எப்படிப் பகிர்வது என்பதுதான் பாடம். படத்தைப் போடலாம், கீழே பெயரும் ஊரும் எழுதலாம், யாரென்று தெரியாத முகம் என்றால் உலகத்தின் எந்த மூலையிலாவது ஒருவர் பார்த்துவிட்டுப் பெயர் சொல்வார் என்றார் வகுப்பெடுத்த பெண். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் அலுமாரியில் ஐம்பது வருடத்துப் படங்கள் கிடந்தன. கலைமகள் விழா, பேச்சுப்போட்டி, பிரியாவிடை என்று எண்பத்துமூன்று கலவரத்தில் எரியாமல் தப்பிய படங்கள். அவற்றில் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரியாத முகம் எனக்கு இலக்கம் ஒட்டாத புத்தகம் மாதிரி. கண்ணில் பட்டுவிட்டால் நித்திரை வராது.

மறுநாளே றவூபின் கடையில் ஸ்கேன் பண்ணிப் போடத் தொடங்கினேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு முகத்தைக் கண்டால் அது எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று தெரியாமல் சோறு இறங்காது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும்கூட இறங்கவில்லை. 'மூன்றாம் வரிசையில் நிற்பவர் உரும்பிராய் நாகேந்திரம் மாஸ்டர்' என்று ஒருவர் எழுதுவார். 'இல்லை, அது அவர் தம்பி, காதைப் பாருங்கள்' என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆறு மாதத்தில் இருநூறு முகங்களுக்கு மேல் பெயர் வந்துவிட்டது.

வெளியே அப்போது ஆட்களை வெள்ளை வான் வண்டிகளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சந்தியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றவனை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவனை. பின்னால் கை கட்டிய உடல்கள் வாய்க்கால்களில் மிதந்தன. அப்படி ஒரு செய்தியைக் காலையில் பேப்பரில் வாசித்துவிட்டு, அதே கையோடு கீழே போய் ஐந்து படம் ஏற்றிய நாளும் உண்டு. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு மூளை இருக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு டிஜிட்டல் கமரா வாங்கினோம். பழைய படங்கள் மட்டும் போதாது, இன்றைய வாசகர்களையும் போடுவோம் என்று ஒரு நாள் வாசிப்பு மேசையைப் படம் எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் சீப்பைத் தேடுவார்கள் என்று நினைத்தேன்.

மேசையின் சன்னலோர முனையில் நேசன் என்பவர் இருந்தார். எங்கள் படிவத்தில் அவர் கொடுத்திருந்த பெயர் அதுதான். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்து லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்திருந்தார். நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு வருவார், நெற்றிவரைக்கும் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை இருப்பார். நான் கமராவை அமத்திய நேரம் பார்த்துக் காளியப்பன் அவருக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். அவர் பேப்பரை இறக்கிவிட்டு நிமிர்ந்து சிரித்தார். படத்தில் அந்தச் சிரிப்புத்தான் விழுந்தது.

படத்தைப் போட்டு மூன்றாம் நாள் ரொறன்ரோவிலிருந்து அன்னபாக்கியம் என்ற பெண் கீழே எழுதியிருந்தார்: 'சன்னலோரம் இருக்கிறவர் எங்கட கரவெட்டி இரத்தினம்மா ரீச்சரின்ரை மகன் சிவானந்தன் அல்லோ? வவுனியாவில் கடை வைத்திருந்தவர். ஆள் உயிரோடு இருக்கிறாரோ?'

'உயிரோடு இருக்கிறாரோ' என்ற கேள்வியைக் கண்டாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். எனக்கோ ஒரு முகத்துக்கு ஊரும் தாய் பெயரும் சேர்ந்து கிடைத்துவிட்ட சந்தோசம். உடனே பதில் எழுதினேன்: 'ஓம், சுகமாக இருக்கிறார். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வாசிகசாலைக்கு வருவார். அருந்ததி, நூலகர், திருமகள் வாசிகசாலை, வெள்ளவத்தை.' ஒழுங்கையின் பெயரையும் சேர்த்தேன். அரைகுறையாக எழுதி எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு நாள் விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை காலை அவர் படியேறி வந்ததும், "வாங்கோ சிவானந்தன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அவர் என் மேசைக்கு வந்து மெல்லக் கேட்டார். "மிஸ், அந்தப் பேரை உங்களுக்கு ஆர் சொன்னது?"

நான் பெருமையாகச் சொன்னேன். படத்தைச் சொன்னேன், அன்னபாக்கியத்தைச் சொன்னேன், நான் எழுதிய பதிலையும் சொன்னேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், வவுனியாவில என்ர கடைக்கு முன்னால ரெண்டு பேரைச் சுட்டவங்கள். நானும் பக்கத்துக் கடைக்காரனும் கண்டனாங்கள். கோட்டில போய்ச் சாட்சியும் சொன்னனாங்கள். அவனைத் தை மாதம் தூக்கினவங்கள். தலை ஒரு இடத்தில, உடம்பு ஒரு இடத்தில கிடந்தது. மிச்சம் நான்தான். வெள்ளிக்கிழமை எனக்குப் பிளேன். மூண்டே மூண்டு நாள். அந்தப் படத்தை இப்பவே எடுத்துவிடுங்கோ மிஸ். கும்பிட்டுக் கேக்கிறன்."

மனிசியாகப் பிறந்த யாரும் அந்தக் கணமே கீழே ஓடியிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதமாக என் பதிவுப் புத்தகத்தில் ஒரு பொய்ப் பெயர் இருந்திருக்கிறது! என்னை ஏமாற்றியிருக்கிறார்! அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"பொய்ப் பேரில சேந்துபோட்டு எனக்கு வேலை சொல்லுறீங்களோ?" என்றேன். "வாசிகசாலைப் படத்தை நினைச்ச நேரம் எடுக்கேலாது. சொந்தப் பேரில ஒரு கடிதம் எழுதி, கையொப்பம் வைச்சு நாளைக்கு ஒன்பதுக்குக் கொண்டு வாங்கோ. பிந்தினா நான் பொறுப்பில்லை."

கடிதமும் தேவையில்லை, ஒரு மண்ணாங்கட்டியும் தேவையில்லை. கீழே இறங்கி றவூபின் கடையில் இரண்டு தட்டுத் தட்டினால் படம் போயிருக்கும். எனக்கு அவரை ஒரு நாள் தவிக்கவிட வேண்டியிருந்தது. பொய் சொன்னதற்குத் தண்டனை. அவர் "சரி மிஸ்" என்று போனார்.

அடுத்த நாள் எட்டு முப்பத்தைந்துக்கு நாலு பேர் படியேறி வந்தார்கள். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பென்ஷன்காரர்களைக் கழுத்தில் பிடித்துத் தரையில் குப்புறக் கிடத்தினார்கள். ஒருவன் மாடிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். தமிழ் பேசியவன் படத்தைக் காளியப்பனிடம் நீட்டினான். காளியப்பன் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, ஆறுதலாகப் பார்த்தார்.

"இவரு இப்ப வர்றதில்லீங்க. ஊருக்குப் போயிட்டாரு."

அடி வாயில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியது. கீழே விழுந்தவரின் வயிற்றில் ஒருவன் சப்பாத்துக் காலால் உதைத்தான். காளியப்பன் கத்தவில்லை. துப்பிய இரத்தத்தோடு பற்கள் வந்தன. அவன் அவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான், இரவல் புத்தகத்தைத் திருப்பித் தருவதுபோல.

பிறகுதான் அந்தத் தாளைக் காட்டினான். பிறகுதான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

சுவர் மணிக்கூட்டுக்கு நானேதான் ஒவ்வொரு கிழமையும் சாவி கொடுப்பேன். ஒரு நிமிடம் பிந்தாது. அன்றைக்கு அது நின்றுபோகவேண்டும் என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை. எட்டு ஐம்பதுக்குக் காளியப்பன் அசைந்தார். முழங்கையால் ஊன்றிச் சன்னல் பக்கமாக அரங்கி அரங்கிப் போனார். ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். சன்னலுக்கு வெளியே ஒழுங்கையைப் பார்த்தபடி எங்கள் பலகை தொங்கியது. ஒரு பக்கம் 'திறந்திருக்கிறது', மறுபக்கம் 'மூடியிருக்கிறது'. ஒவ்வொரு நாளும் அதைத் திருப்புவது அவர் வேலை. அவர் கம்பிக்கு வெளியே கையை விட்டார்.

சன்னலருகே நின்றவன் கண்டுவிட்டான். "மேக்கா மொகத கரன்னே?" என்று, இவன் என்ன செய்கிறான் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு, சன்னலின் மரக் கதவை இழுத்து அந்தக் கைமேல் அடித்தான். அவர் கையை இழுக்கமுன் திரும்ப அடித்தான். மூன்றாவது அடிக்கு விரல் எலும்பு முறிந்த சத்தம் என் மேசைவரை கேட்டது. யாரையோ கூப்பிடக் கையைக் காட்டுகிறார் என்று நினைத்திருப்பான். பலகை திரும்பிவிட்டிருந்தது. அதில் இருந்ததை வாசிக்க அவனுக்குத் தமிழ் தெரியாது.

எனக்குள் நம்பிக்கை வந்தது. மூடியிருக்கிறது என்று கண்டால் அவர் திரும்பிப் போவார். போய்விடுவார். நான் நாளைக்கே, இல்லை இன்றைக்கே, படத்தை எடுத்துவிடுவேன்.

ஒன்பது அடிக்கத் தொடங்கியது. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவன் எழும்பி என் வாயைப் பொத்தினான்.

"மிஸ்," பாதிப் படியில் நின்று கூப்பிட்டார் சிவானந்தன். "போர்ட்டில மூடியிருக்கு எண்டு கிடக்கு. நீங்கள் பிந்தக்கூடாது எண்டு சொன்னபடியா வந்தனான். கடிதம் கொண்டு வந்திருக்கிறன்."

நான் அந்தக் கையைக் கடித்தேன். எலும்பில் பல் முட்டும்வரை கடித்தேன். அவன் கையை உதறினான், மேசையில் கிடந்த படத் தாள் பறந்தது. "ஓடு தம்பி! ஓடு!" என்று கத்தினேன். துப்பாக்கி என் இடது காதில் இறங்கியது. அந்தக் காது இன்றைக்கும் கேட்காது.

அவர் ஓடினார். நாலு பேரும் படியில் பாய்ந்தார்கள். நான் சன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒழுங்கை முகப்புவரை போயிருந்தார். அங்கே வெள்ளை வான் பின்பக்கமாக வந்து வழியை அடைத்தது. இறங்கியவன் இரும்புக் குழாயால் முழங்காலில் ஓங்கி அடித்தான். விழுந்தார். எழும்பினார். மற்றக் காலிலும் அடித்தான். பின்னால் வந்தவர்கள் தலையில் மாறி மாறி உதைத்தார்கள். பஸ் தரிப்பில் இருபது பேராவது நின்றிருப்பார்கள். ஒரு கிழவி மட்டும் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், அவளையும் தள்ளி விழுத்தினார்கள். அவர் றோட்டைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. தலைமயிரில் பிடித்து ஏற்றினார்கள். கதவு சாத்துமுன் அவர் வாசிகசாலையைத் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

கடிதம் படியில் கிடந்தது. 'மதிப்பிற்குரிய நூலகர் அவர்கட்கு, பொய்ப் பெயரில் சேர்ந்ததற்கு மன்னிக்கவும். வாசிப்பு மேசைப் படத்தை இணையத்திலிருந்து நீக்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, க. சிவானந்தன்.' மார்ஜின் விட்டு, திகதி போட்டு, அழகான எழுத்து. ஒரு பிழை கிடையாது.

அதே கோலத்தில் நான் கீழே போனேன். காதிலிருந்து வழிந்த இரத்தம் சேலைத் தலைப்பில் சொட்டச் சொட்ட, றவூபின் கம்பியூட்டரில் உட்கார்ந்து இணையத்திலிருந்து அந்தப் படத்தை அழித்தேன். பிறகு எல்லாப் படத்தையும் அழித்தேன், முந்நூற்றுப் பன்னிரண்டு. கமராவில் இருந்ததையும் அழித்தேன். பயம்.

"இப்ப அழிச்சி என்னா மிஸ் பிரயோசனம்?" என்றார் றவூப். அவர் அழுதுகொண்டிருந்தார்.

காளியப்பன் களுபோவில ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். பொலிஸில் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். அன்னபாக்கியத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு முற்பகல், வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். கரவெட்டி இரத்தினம்மா ரீச்சர். யாழ்ப்பாணத் தரைப்பாதை பூட்டிக் கிடந்தபடியால் அனுமதி எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"பிள்ளை, மகனைக் காணேல்லை எண்டு எல்லா இடமும் மனு குடுக்கிறன். கிட்டடியில எடுத்த படம் கேக்கினம்," என்றார். "என்னட்டை அவன் பள்ளிக்கூடத்தில எடுத்ததுதான் கிடக்கு. வீட்டோட மற்றதெல்லாம் எரிஞ்சு போச்சு. அன்னபாக்கியம் எனக்கு ரெலிபோன் எடுத்து, உங்கட ஆளைக் கண்டுபிடிச்சிட்டன், வாசிகசாலைப் படத்தில சிரிச்சுக்கொண்டிருக்கிறார் எண்டு சொன்னவள். அந்தப் படத்தைத் தருவியளோ?"

மகன் கேட்ட அன்று அழிக்காததை, தாய் கேட்கும்போது இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

"இருக்குங்கம்மா," என்றார் காளியப்பன்.

அவர் வளைந்துபோன விரல்களால் அகராதி ஒன்றை இழுத்து, நடுவிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். அன்றைக்குப் பறந்த தாள். அடிபட்டுக் கிடந்தவர் அதன்மேல் உருண்டு படுத்து மறைத்திருக்கிறார். ஓர் ஓரத்தில் அவருடைய இரத்தம் காய்ந்து மண்ணிறமாகியிருந்தது. இத்தனை நாளும் எனக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அழித்திருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

அம்மா தாளை மேசையில் விரித்துக் கையால் நீவினார். மகனின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "மெலிஞ்சு போனான்," என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர்போல விரலை வைத்து, கீழே இருந்ததையும் வரி வரியாக வாசித்தார். நான் எழும்பி ஓடியிருக்கலாம். விரல் கடைசி வரியில் நின்றது. அங்கேயே நின்றது.

"அருந்ததி எண்டது ஆர் பிள்ளை?"

"நான்தான் அம்மா."

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார், அடிப்பார், மண் அள்ளித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் அந்தக் கையைப் பிடித்துக் கும்பிட்டிருப்பேன்.

"கத்தரிக்கோல் இருக்கே?" என்று கேட்டார்.

கொடுத்தேன். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நேர்கோடாக வெட்டினார். படத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். மற்றத் துண்டை என் பக்கமாகத் தள்ளினார்.

"இது உங்கட. நீங்களே வைச்சிருங்கோ."

வைத்திருக்கிறேன்.